ஐந்தே தோட்டா

"கடை திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நிக்கிறானுங்க. உலகம் முடியப் போகுதுன்னு எவனோ சொல்லிட்டானாம். அளவுகூடப் பாக்காம பத்துப் பெட்டி தோட்டா அள்ளிக்கிட்டுப் போறான். அதுல ஒண்ணைக்கூடச் சுடமாட்டான். இந்தக் காலத்து ஜனங்க புத்தி இப்படி," என்றார் வெர்னான் டீக்.

கல்லாவுக்கு அந்தப் பக்கம் கடைக்காரன் டெல்பர்ட் தூண்டில் புழுக்களை டப்பாவில் அடைத்துக்கொண்டிருந்தான். அமெரிக்காவில், மிசௌரி மாநிலத்தின் அந்த மலையோர ஊரில் புழு, தீவனம், தோட்டா மூன்றையும் விற்கிற கடை அது ஒன்றுதான். வெர்னானுடைய துப்பாக்கிக்கான 'டூ-ஃபைவ்' அளவுச் சின்னத் தோட்டா வைக்கிற தட்டில் தூசிதான் இருந்தது. இந்த வாரமும் வரவில்லை என்றான் டெல்பர்ட். அடுத்த வாரமும் சந்தேகம்தான் என்றான். தலையை நிமிர்த்தவில்லை.

வெர்னானின் துப்பாக்கி உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். சட்டைப்பையில் கிடந்தால் கிடப்பதே தெரியாது. ஊரில் அந்த அளவு சுடுகிறவர் அவர் ஒருவர்தான். வீட்டில் மிச்சம் இருந்தது ஐந்தே தோட்டா. ஜூன் மாதம் கல்குவாரியில் நடக்கிற சட்டைப்பைத் துப்பாக்கிப் போட்டிக்கு அந்த ஐந்தும் வேண்டும்.

முப்பது வருஷமாக அந்தப் போட்டியைத் தவறவிடாதவர். ஆனால் ஜனவரியில் ஒரு காலை, காப்பிக் கோப்பை கையிலிருந்து தானாக நழுவி விழுந்தது. வலது பக்கம் வாதம். நடை சீக்கிரம் திரும்பிவிட்டது, விரல்கள் திரும்பவில்லை. ஆறு மாதத்துக்குள் வராத பிடி அப்புறம் வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சிக்கு அனுப்பிய இடத்தில் மரக்குச்சிகளை ஓட்டையில் செருகச் சொன்னார்கள். என்னைப் பாலர் பள்ளியிலா சேர்த்திருக்கிறீர்கள் என்று கேட்டுவிட்டு ஒரே நாளில் திரும்பி வந்துவிட்டார். மனைவி லோரீன் கெஞ்சிப் பார்த்தாள், கத்தியும் பார்த்தாள். மனுஷன் அசையவில்லை.

ஐந்து தோட்டாவையும் தொடக்கூடாது. அப்படியானால் வெறும் துப்பாக்கியை வைத்துத்தான் பழக வேண்டும். தோட்டாவுக்குப் பஞ்சம் வந்தால் அந்தப் பக்கத்து ஆட்கள் எல்லாரும் செய்வதுதான். சுட்டு முடித்த தோட்டாவின் காலி உறைக்கு அடியில், துப்பாக்கியின் ஊசி வந்து குத்துகிற இடத்தில், பென்சில் ரப்பரை வெட்டிச் செருக வேண்டும். ஊசி முனை கெடாது. குழலின் நுனியில் பத்து சென்ட் நாணயத்தை வைத்து விசையை இழுக்க வேண்டும். நாணயம் விழுந்தால் கை ஆடிவிட்டது. பிறகு மேல்பாகத்தைப் பின்னுக்கு இழுத்தால் உறை வெளியே தெறிக்கும். அதைப் பொறுக்கி மறுபடி உள்ளே போட வேண்டும்.

முதல் வாரம் விசை அசையவே இல்லை. தெறித்த உறையைப் பொறுக்க அவர் தரையில் கால் மணி நேரம் தடவினார். இடது கையை நீட்டினால் லோரீன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, ராய்ஸைக் கூப்பிட்டுக் காட்டட்டுமா என்று கேட்பாள். ராய்ஸ் பக்கத்துப் பண்ணைக்காரன். போட்டியில் அவருக்குப் பரம எதிரி. இடது கை பின்னுக்குப் போய்விடும்.

வாரம் தவறாமல் கடைக்குப் போனார். தட்டு காலிதான். ஒருநாள் ராய்ஸும் அங்கே நின்றிருந்தான்.

"தோட்டா இல்லேன்னா என்ன வெர்னான், வாயாலயே சுட்டுடேன். அதுக்குத்தான் பஞ்சமே இல்லையே," என்றான்.

அன்று வீட்டுக்கு வந்து முந்நூறு தடவை இழுத்தார்.

ஏப்ரலில் நாணயம் ஒரே ஒரு தடவை விழாமல் நின்றது. லோரீன் அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தாள். மே கடைசியில் இருபது தடவை இழுத்தும் நாணயம் அசையாமல் நின்றது. அதற்குள் சட்டைப் பொத்தானைத் தானே போட ஆரம்பித்திருந்தார். அதை அவர் கவனிக்கவில்லை, அவள் கவனித்தாள்.

போட்டியன்று வெர்னான் தன் ஐந்தையும் ஒவ்வொன்றாக அடைத்தார். கையை நீட்டினார். ஐந்து வெடி. இலக்கில் விழுந்த ஐந்து ஓட்டையும் ஒரு காப்பித் தட்டு அகலத்துக்குள் அடங்கின. ராய்ஸுக்குத்தான் முதலிடம், வெர்னானுக்கு இரண்டாவது. லோரீன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். ரொம்ப நேரம் துடைத்தாள்.

இரண்டாம் பரிசு ஒரு பன்றித் தொடை. டெல்பர்ட்டின் வண்டியில் இருக்கிறது என்றார்கள். எடுத்துத் தருகிறேன் என்று அவன் ஓடி வருவதற்குள், வெர்னானே போய்த் தார்ப்பாயைத் தூக்கிவிட்டார்.

இறைச்சிக்குப் பக்கத்தில் டூ-ஃபைவ் தோட்டாப் பெட்டிகள். உறை பிரிக்காதவை, ஏழு.

"அப்போ பதுக்குனவன் நீதானா?" என்றார்.

டெல்பர்ட் திரும்பி லோரீனைப் பார்த்தான். அவள் அருகே வந்தாள்.

"பிப்ரவரியிலயே வந்துருச்சு, வெர்னான். நான்தான் உள்ள வைக்கச் சொன்னேன். ஊருக்கே தெரியும், ராய்ஸுக்கும் தெரியும். பெட்டி கைக்கு வந்திருந்தா இடது கையால நாலு சுட்டுட்டு உக்காந்திருப்ப. தினம் இருநூறு தடவை அந்த விரலை யாரு மடக்கியிருப்பா? போட்டி முடிஞ்சதும் உங்கிட்ட குடுக்கத்தான் இன்னிக்குக் கொண்டுவரச் சொன்னேன்."

வெர்னான் எல்லார் முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தார். ராய்ஸ் தொப்பியைக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டான்.

"மாட்டிக்கிட்டதும் நல்லாத்தான் கதை கட்டுறீங்க," என்று சொல்லிவிட்டு, ஏழு பெட்டியையும் வலது கையாலேயே ஒவ்வொன்றாக எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, துளியும் நம்பாமல் நடந்தார்.