மைலேஜ்

"யாரோ உங்க டீசலைத் திருடுறாங்க சார்" என்றான் இம்தியாஸ், வேனின் டேங்க் மூடியைத் திருகிப் பார்த்தபடி.

அற்புதசாமி பால்பண்ணை பைபாஸ் ஓரத்து மெக்கானிக் ஷெட்டில், பிளாஸ்டிக் நாற்காலியில், போனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

தில்லை நகர் மொத்தக் கடையில் மருந்துப் பெட்டிகளை ஏற்றி ஸ்ரீரங்கத்து மெடிக்கல் ஷாப்புகளில் இறக்குகிற சின்ன வேன் அது. மனைவி லூர்துராணி இறந்த பிறகு, பொன்மலை வீட்டில் அப்பா தனியாக முடங்கிக் கிடக்க வேண்டாம் என்று தோஹாவில் இருக்கும் மகன் பிரவீன்ராஜ் வாங்கிக் கொடுத்தது. வந்த புதிதில் லிட்டருக்குப் பதினேழு கொடுத்த வண்டி இப்போது பன்னிரண்டைத் தாண்டவில்லை.

இம்தியாஸ் உள்ளே ஏறிச் சாவியைத் திருகினான். மீட்டரில் ஆரஞ்சு விளக்கு எரிந்தது.

"திருட்டு இல்ல சார். மறுபடியும் ஃபில்டர் அடைச்சிருக்கு. போன மாசம்தானே சரி பண்ணிக் குடுத்தேன்?"

"ஆமா தம்பி."

அதற்குள் அற்புதசாமியின் போன் அடித்தது. அவர் சட்டென்று எழுந்து ஷெட்டுக்கு வெளியே போனார்.

"சொல்லுப்பா... ஆமா, எரியுது. இம்தியாஸ் கிட்டதான் வந்திருக்கேன்... நான் சாப்பிட்டேன். நீ சாப்பிட்டியா? அங்க வெயில்..."

லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது. பேச்சு முடிந்த பிறகும் அவர் போனைக் காதிலிருந்து எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார்.

திரும்பி வந்தபோது முகம் தெளிந்திருந்தது. இம்தியாஸ் சிரித்தான்.

"உங்க பையனா? வண்டியில லைட் எரிஞ்சா அவர் போனுக்கு மெசேஜ் போயிடுதுல்ல. அவ்வளவு தூரத்துல இருந்துக்கிட்டு வண்டியை எப்படிப் பாத்துக்கிறாரு பாருங்க."

"ஆமா. வண்டின்னா அவனுக்கு உயிரு."

இம்தியாஸ் கையைத் துடைத்துக்கொண்டு அருகில் வந்தான். "சார், இது புகையில வர்ற கரியைப் பிடிக்கிற ஃபில்டர். நீங்க காவிரிப் பாலத்து டிராஃபிக்ல ஊர்ந்து ஊர்ந்து போறீங்க, கரி சேந்துடுது. அதை எரிக்க வண்டி தானாவே கூடுதலா டீசல் குடிக்கும். எரியறப்ப பாதியில அணைச்சா அத்தனையும் வீண். மறுபடி முதல்லேருந்து எரிக்கணும். அதான் மைலேஜ் இப்படி விழுது."

"ம்."

"நீங்க ரயில்வே டீசல் ஷாப்புல வேலை பார்த்தவரு. உங்களுக்கு நான் சொல்லித் தரணுமா?"

"வயசாச்சுல்ல தம்பி. மறந்துடுது."

"இப்படியே விட்டா ஃபில்டரே போயிடும் சார். அப்புறம் வண்டி ஷெட்டுலதான் நிக்கும். வாங்க, நானும் வரேன். ஹைவேல ஒரு ஓட்டு ஓட்டுங்க."

அற்புதசாமி ஓட்டினார். வயதானவர் தடுமாறுவார் என்று நினைத்த இம்தியாஸுக்கு ஆச்சரியம். கொள்ளிடம் பாலம் தாண்டியதும் வேகத்தை ஒரே சீராக வைத்தார். கை நடுங்கவில்லை, கியர் மாற்றியதே தெரியவில்லை.

சமயபுரம் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் என்ஜின் சத்தம் லேசாக மாறியது. கரி எரிகிற சூட்டு வாடை உள்ளே வந்தது.

அற்புதசாமி வண்டியை ஓரம் கட்டினார். "ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமா தம்பி?"

அவர் கை சாவிக்குப் போனது. இம்தியாஸ் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இப்பதானே சொன்னேன் சார். அணைக்காதீங்க. டீ அப்புறம் குடிக்கலாம்."

அற்புதசாமி அவனை ஒரு நிமிஷம் பார்த்தார். சாவியை விட்டுவிட்டு வண்டியை மறுபடி ரோட்டில் ஏற்றினார். பாடாலூர் நெருங்கியது. பக்கத்து வயல்களில் வெயில் சாய்ந்துகொண்டிருந்தது.

ஆரஞ்சு விளக்கு அணைந்தது.

"முடிஞ்சது சார்" என்றான் இம்தியாஸ் சந்தோஷமாக. "என்ஜின் எவ்வளவு லேசா ஓடுது பாருங்க. வாரம் ஒரு தடவை இங்க வரைக்கும் ஓட்டிட்டுப் போயிடுங்க. பழைய மைலேஜ் வந்துடும். இனிமே அந்த லைட் எரியவே எரியாது."

அற்புதசாமி வேகத்தைக் குறைத்து வண்டியை நிறுத்தினார். ஸ்டியரிங்கில் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, இருண்டு கிடந்த மீட்டரையே பார்த்தார்.

"என்ன சார், சந்தோஷம்தானே?"

"பிரவீன் இனிமே போன் பண்ண மாட்டானே தம்பி."