ஸ்கோர் என்ன?

அயர்லாந்தின் மட்டைப் பந்தாட்டமான ஹர்லிங்குக்குப் பயிற்றுநர் சான்றிதழ் தரும் இறுதித் தேர்வு அது. அதில் தேறினால்தான் பேக்கரி நடத்தும் மீவ் தன் ஊர்க் குழந்தைகள் அணியை நடத்த முடியும். வேறு ஆள் இல்லாததால், தவறினால் அணியே கலைந்துவிடும். டிப்பரரி மாவட்ட அணிக்காக ஆடிப் பதக்கம் வாங்கிய ஃபின்டனும் அவளோடு தேர்வுக்கு வந்திருந்தான்.

ஆறு வயதுப் பிள்ளைகளை ஆளுக்கோர் அணியாகப் பிரித்து இருவரும் ஆட்டத்தை நடத்தி முடித்ததும், தேர்வாளர் நூலா பேனாவைத் திறந்தார்.

"ஸ்கோர் என்ன?"

"நாங்க நாலு கோல், அவங்க மூணு!" என்றான் ஃபின்டன் சட்டென்று.

"நீ சொல்லும்மா."

மீவின் முகம் வெளிறியது. "தெரியலைங்க. ஒரு பொண்ணுக்கு ஹெல்மெட் வாரைக் கட்டிவிட்டுக்கிட்டிருந்தேன். அப்புறம் ஒருத்தன் அழுதான்..."

"பேக்கரிக்காரம்மாவுக்கு ரொட்டி எண்ண மட்டும்தான் வரும்போல!" என்று ஃபின்டன் சிரித்தான்.

நூலா சிரிக்கவில்லை. "மீவ், நீ பாஸ். ஃபின்டன், அடுத்த மாசம் திரும்ப வா. இந்த வயசுப் பிள்ளைங்க ஆட்டத்துல ஸ்கோரே பார்க்கக் கூடாதுன்னு முதல் வகுப்புலயே சொன்னேனே!"

"ஐயோ, ஆமா!" ஃபின்டன் தலையில் அடித்துக்கொண்டான்.

நூலா பேனாவை மூடினார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு அவன் காதருகே குனிந்தார்.

"ஏம்ப்பா, அந்த நாலாவது கோலை அடிச்சது என் பொண்ணுதானே?"