இடப்பக்கக் கண்ணாடி

சின்னச் சின்ன லாரி செய்ய உட்கார்ந்தால் ஞானசிகாமணிக்குச் சோறு தண்ணி வேண்டாம். ஆனால் இந்த லாரியை அவர் ஆசைக்குச் செய்யவில்லை, பாவம். மகள் பியூலாவை இடப்பக்கத் திருப்பத்தில் சைக்கிளோடு அரைத்துவிட்டுப் போன லாரி இது. "பிள்ளை நின்னது கண்ணாடியில தெரியலை" என்று டிரைவர் ஒரே பேச்சாகச் சாதித்தான். அது பொய் என்று கோர்ட்டில் காட்டத்தான், அசல் லாரியை அளந்து வந்து, அளவு பிசகாமல் சுருக்கிச் செய்தார். மட்கார்டில் ஒட்டியிருந்த சேற்றைக்கூட விடவில்லை. போலீஸ் வரைபடம் சொன்ன இடத்தில் விரல் நீளத்துக்கு ஒரு பியூலாவையும் நிறுத்தினார். டிரைவர் சீட்டுக்குப் பின்னால் போட்ட துளையில் கண்ணை வைத்தார். கண்ணாடியில் பின்சக்கரம் தெரிந்தது, மேசை விளிம்பு தெரிந்தது. பிள்ளை தெரியவில்லை. கண்ணைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.

"தெரியுதாளா?" என்றாள் பின்னால் நின்ற மனைவி எஸ்தர். "நாளைக்கு வக்கீல் கேப்பாரு."

"இரு, சொல்லுதேன்."

கண்ணாடிக் கம்பியை மயிரிழை வளைத்தால் போதும், பிள்ளை முழுசாக வந்து நின்றுவிடுவாள். அவர் இடுக்கியால் கம்பியைப் பிடித்தார்.

"நகருங்க. எம்பிள்ளைய நான் பாக்கேன்" என்று எஸ்தர் துளைக்குக் குனிந்தாள்.