சிவப்பு மூடிப் போத்தல்

இரண்டு போத்தலிலும் பால்போல் வெள்ளை மருந்து. ஒன்றில், உடம்பைக் கெடுக்காமல் நோயை மட்டும் தாக்கும்படி கொழுப்புக் குமிழிகளுக்குள் அடைத்த பாஷாணம்; மற்றதில் வெறும் குமிழிகள். எது எதென்பது டாக்டர் யோகேந்திரனுக்கு மட்டுமே தெரியும். மூன்று மாதம் எலிகளுக்கு அவற்றை ஊட்டிய சந்திரிகாவிடம் அவர் அதைச் சொல்லவில்லை. எலிகள் எப்படியிருக்கின்றன என்று அவளும் அவரிடம் சொல்லவில்லை. சோதனையின் விதி அப்படி. நேற்றோடு அது முடிந்தது. இன்று பேராதனைப் பல்கலைக்கழகத்துக்குப் போனதும் இருவரும் வாய் திறக்கலாம்.

வழியில், குண்டசாலைச் சோதனைச் சாவடியில் அவர்கள் வந்த பஸ்ஸை இராணுவத்தினர் மறித்து, எல்லோரையும் இறக்கினார்கள்.

“போத்தல்ல என்ன?” என்றான் தமிழ் தெரிந்த சிப்பாய், சந்திரிகாவின் பையைத் திறந்து பார்த்து.

“மருந்துங்க.”

“குடிச்சுக் காட்டுங்க.”

சந்திரிகா சிவப்பு மூடியைத் திருகி, போத்தலை வாயருகே கொண்டுபோனாள்.

“ஐயோ பிள்ளை, குடியாதை! அதுதான் நஞ்சு!” டாக்டர் அலறினார்.

“இதுவா சார்?” அவள் குலுங்கிச் சிரித்தாள். “எனக்குப் பயமே இல்ல. ரெண்டு கூண்டுலயும் ஒரு எலிகூடச் சாகல. எல்லாம் கொழுத்துப்போயித் துள்ளுது!”

“உண்மையாவோ?” டாக்டர் நடுரோட்டில் குதித்தார். “என்ர நஞ்சு ஒண்டையும் கொல்லேல்லை!”

சிப்பாய் சிவப்பு மூடிப் போத்தலை வாங்கி அவரிடம் நீட்டினான்.

“நல்லதுதானே? அப்ப நீங்க குடிங்க, ஐயா.”

குதிப்பு நின்றது.

“தம்பி... நான் எலி இல்லையே!”