தா.பழூர் வெள்ளோட்டம்

“மேடு வந்தா ஆடக்கூடாது. எத்தனை தடவை சொல்றது?” சைக்கிளுக்குக் காற்றடித்தபடியே கத்தினாள் ஜெயராணி.

“ஆட மாட்டேன்” என்றார் சவரிமுத்து. ஐம்பத்திரண்டு வயதில் இந்தப் பேச்சைக் கேட்பது அவருக்குப் புதிதல்ல.

போன வருஷம் மஞ்சள் காமாலை அவரைப் பாதி கொன்றுவிட்டது. ‘பிழைத்தால் வரதராஜன்பேட்டையிலிருந்து சைக்கிளிலேயே வந்து உன் வாசலில் நிற்பார்’ என்று வேளாங்கண்ணி மாதாவிடம் நேர்ந்துகொண்டாள் ஜெயராணி. பிழைத்துவிட்டார். கொடியேற்றத்துக்கு இன்னும் பத்து நாள்தான்.

ஜெயராணியின் தம்பி ஆண்ட்ரூஸ் கையில் விசிலோடு வந்தான்.

“மாமா, இன்னைக்கு தா.பழூர் போயிட்டு எங்கயும் இறங்காம திரும்பிட்டீங்கன்னா ஒத்துக்கறேன். இல்லன்னா பேசாம என் வேன்ல ஏறுங்க.”

“டீக்கு?”

“டீக்கும் இறங்கக் கூடாது.”

வேனில் போனால் மாதாவையே ஏமாற்றியவன் என்று தெருவே சிரிக்கும். ஒன்பது வாரம் புரோட்டாவைத் தொடாமல் கிடந்ததும் வீண். சவரிமுத்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

“மொதல்ல பஞ்சர்” என்ற ஆண்ட்ரூஸ், முன்டயரில் ஆணியைக் குத்தினான்.

“அடப்பாவி, இப்பதான்டா காத்தடிச்சேன்!” என்று பம்பை ஓங்கினாள் ஜெயராணி.

சவரிமுத்து டியூபை உருவினார், அன்னக்கூடைத் தண்ணீரில் முக்கினார், குமிழி வந்த இடத்தைத் தேய்த்து ஒட்டினார். பழக ஆரம்பித்த முதல் நாள் தன் விரலையே டியூபோடு ஒட்டிக்கொண்டவர் அவர். இன்று பதினோரு நிமிஷம்.

“பின்னாடி சிமெண்ட் லாரி வந்தா?”

“திரும்பிப் பாக்க மாட்டேன்.”

“வளைவுல?”

“வண்டி சாயற பக்கமே சாய்வேன்.”

“தூக்கம்? போன வாரம் தூங்கி வயல்ல விழுந்தீங்களே!”

“வயல் இல்ல மாப்ள, வாய்க்கா.”

“எடை என்ன அக்கா?”

“தீவனக் கடைத் தராசுல நேத்து அறுபத்தொம்பது. இன்னும் நாலு கிலோ இறங்கணும்” என்றாள் ஜெயராணி. “ராத்திரி ரெண்டு இட்லிதான்னு சொன்னா, மூணாவதைத் துண்டுக்குள்ள மறைக்கிறாரு.”

“அது ஒரு நாள்தான்டி!”

ஆண்ட்ரூஸ் சிரிப்பை அடக்கிக்கொண்டு விசிலை வாயில் வைத்தான். சவரிமுத்து தலையில் துண்டைக் கட்டி, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்.

விசில் பறந்தது.

பதினெட்டு வருஷமாக ஆண்டிமடம் சாலையில் சைக்கிளில் பால் கேன் சுமக்கும் ஜெயராணி, சேலையை வாரிச் செருகிக்கொண்டு சீட்டில் ஏறி மிதித்தாள். “மாதாவே!” என்று அலறியபடி நாலு எட்டு ஓடி, கேரியரில் தொற்றிக்கொண்டார் சவரிமுத்து.