தோசைக்கல்லும் அரை வெங்காயமும்

நடந்ததைத் தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று தோசைக்கல்லுக்கு இன்றைக்கும் பயம். சரியாகச் சொன்னாலும் யார் நம்புவார்கள்?

ஒரு நாள் அதில் சப்பாத்தி சுட்டிருந்தார்கள். அதனால் மறுநாள் காலையில் முதல் தோசை கல்லோடு ஒட்டிக்கொண்டது. இரண்டாவது கிழிந்தது. "இதைப் பழைய இரும்புக்குப் போட்டாத்தான் சரிப்படும்" என்று சொல்லிவிட்டு, பூரணம் என்ற வீட்டுக்காரி மாவைக் கலக்கத் திரும்பினாள்.

கல் பயந்துபோய், "அக்கா, காப்பாத்து!" என்று தோசைத்திருப்பியிடம் கெஞ்சியது.

"சுரண்டத்தான்டி எனக்குத் தெரியும்" என்றது அது.

சட்னிக்கு அரிந்ததில் மிஞ்சிய அரை வெங்காயம் பக்கத்தில் கிடந்தது. "நான் வரட்டுமா?" என்றது.

"நீயா? ஊரையே அழவைக்கிறவன், இவ கண்ணீரைத் துடைக்கப்போறியாக்கும்!" என்று சிரித்தது தோசைத்திருப்பி.

வெங்காயம் எண்ணெய்க் கிண்ணத்தில் முங்கி எழுந்து, கொதிக்கும் கல்லில் குதித்து, நடுவிலிருந்து விளிம்புவரை சுற்றிச் சுற்றித் தேய்ந்தது.

"ஐயோ, சுடலையா உனக்கு?" என்று பதறியது கல்.

"சுட்டா என்ன? எப்படியும் ஒரு நாள் வதங்கப்போறவன்தானே."

பூரணம் மூன்றாவது தோசையை ஊற்றினாள். அது ஓரத்தில் தானாகவே எழும்பி, முழு நிலா மாதிரி வழுக்கிக்கொண்டு வந்தது. கல் மூச்சடக்கிப் பார்த்தது. அந்தச் சின்ன உடம்புக்குள் இத்தனை வல்லமையா!

ஆனாலும் கல்லுக்குப் பயம் விடவில்லை. அன்று முதல் கோதுமை மாவு டப்பா திறக்கும் சத்தம் கேட்டாலே, அரிசிப் பானைக்குப் பின்னால் போய் ஒளிந்துகொள்கிறது.