வேறு ஐந்து சொற்கள்

மேசைக்கு இந்தப் பக்கம் அவள். எதிரே, கைவைத்த நாற்காலியில், ஓட்டுநர் தளவாய். அவருக்கு இடதுபுறம், முழங்கை தொடும் தூரத்தில், அவர் மனைவி பிச்சம்மாள். கதவோரப் பெஞ்சில் பஸ் பணிமனை எழுத்தர், மடியில் பையோடு.

ஜன்னலருகே ஒரு நாற்காலி காலி. அது சீனியருடையது. அவர் மாற்றலாகிப் போய்விட்டார். ஆஸ்பத்திரியின் மனநலப் பிரிவில் இப்போது உளவியலாளர் என்று இருப்பது அவள் ஒருத்திதான். இதுவரை அவள் எழுதியவற்றின் கீழெல்லாம் அவர் கையெழுத்து இருந்தது.

இன்று அவளுடையது.

தளவாய் இனி பஸ் ஓட்டலாமா, கூடாதா. பதிலை வாங்காமல் எழுத்தர் போகமாட்டார்.

"அம்மா, நீங்க கொஞ்சம் வெளியே இருங்க."

பிச்சம்மாள் அசையவில்லை. "போன தடவ நான் பக்கத்துலதான இருந்தேன்."

இருந்தாள். இருக்க விட்டிருக்கக் கூடாது.

எழுத்தர் எழுந்து வழிகாட்டி, தானும் கூடவே வெளியே போனார். கதவு சாத்திக்கொண்டது. மெல்லிய பிளைவுட் கதவு.

அவள் ஐந்து சொற்களை வாசித்தாள்.

விளக்கு. குதிரை. ஊதா. சந்தை. நூல்.

அவர் திருப்பிச் சொன்னார். பிசகில்லை.

"கொஞ்சம் கழிச்சுத் திரும்பவும் கேப்பேன், அண்ணாச்சி. ஞாபகத்துல வச்சுக்கிடுங்க."

"கேளுங்க."

கடிகாரம் வரையச் சொன்னாள். வட்டம் சுத்தமாக வந்தது. எண்கள்தான் எல்லாம் வலப்பக்கமாக இறங்கி ஒன்றையொன்று நெருக்கின. இடப்பக்கம் வெள்ளையாகக் கிடந்தது.

அவர் அதைப் பார்த்தார். பிறகு தாளைத் தானே கவிழ்த்து வைத்தார்.

"இப்ப அந்த அஞ்சையும் சொல்லுங்க."

நிமிர்ந்து உட்கார்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"சாவி. ஆறு. மாடு. பச்சை. கோவில்."

கணீரென்று. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவில் ஒரே அளவு இடைவெளி விட்டு.

போன தடவை அவள் கேட்ட சொற்கள். அன்று அவருக்கு ஒன்றுகூட வரவில்லை.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள்.

"வீட்டுல சொல்லிக் குடுத்தாங்களா?"

அவர் கதவைப் பார்த்தார். குரலைத் தணித்துக்கொண்டார்.

"காப்பி குடிக்கையில சொல்லணும். குளிச்சிட்டு வந்தா சொல்லணும். சொல்லாம சோத்துல கை வைக்க முடியாது." சிரித்தார். "இது அது இல்லியா?"

"இல்ல, அண்ணாச்சி. இன்னைக்கு வேற."

"ஓ."

சிரிப்பு முகத்திலேயே சற்று நேரம் நின்றது. பிறகு போய்விட்டது.

"புளியடி விலக்குல ரோடு ரெண்டாப் பிரியும். நான் வருசக்கணக்காத் திரும்புத எடம். எந்தப் பக்கம்னு தெரியாம நின்னுட்டேன். இப்பம்லாம் கண்டக்டர் தம்பி, ஸ்டாப் பேரு சொல்லுத மாதிரி, வலது வலதுன்னு சத்தம் போட்டுக்கிட்டே வாரான். வண்டி பூரா பள்ளிக்கூடத்துப் பிள்ளைய, மேடம்."

அவள் எழுத ஆரம்பித்தாள்.

அவர் கையை நீட்டித் தாளை மூடினார்.

"இத எழுதாதீங்க. நானே வண்டிய விட்டுட்டேன்னு தெரிஞ்சா அவ தாங்கமாட்டா. நீங்க கெடுத்ததாவே இருக்கட்டும். ஏசுனா உங்கள ஏசிட்டுப் போறா."

அவள் ஜன்னலருகே காலி நாற்காலியின் பக்கம் திரும்பினாள். பழக்கம்.

அவர் சொன்னதை விட்டுவிட்டாலும் கடிகாரம் இருந்தது. சொற்கள் இருந்தன. அந்தக் கடிதத்துக்கு அவை போதும்.

தலையசைத்தாள்.

அவர் கையை எடுத்தார்.

பணிமனை மேலாளர் அவர்களுக்கு என்று தொடங்கினாள். நினைவாற்றல் பரிசோதனைகளின்படி இவர் தற்போது பேருந்து ஓட்டும் நிலையில் இல்லை. நரம்பியல் மருத்துவர் உடனடியாகப் பார்க்க வேண்டும். அதுவரை வேறு பணி தரலாம்.

'தற்போது' என்ற சொல்லை அடிக்கலாமா என்று பார்த்தாள். விட்டுவிட்டாள்.

கையெழுத்திட்டாள். தன் பெயர் அவளுக்கே நீளமாகத் தெரிந்தது.

கதவைத் திறந்ததும் பிச்சம்மாள்தான் முதலில் உள்ளே வந்தாள். முகம் மலர்ந்திருந்தது.

"கேட்டுக்கிட்டுத்தான் நின்னேன். அஞ்சும் சரியாச் சொல்லிட்டாவ."

"நான் இன்னைக்குக் கேட்டது வேற அஞ்சும்மா. வண்டி இப்ப ஓட்டவேண்டாம்னு எழுதியிருக்கேன்."

பிச்சம்மாளுக்கு அது உடனே எட்டவில்லை. எட்டியதும் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"ஒரு பாடத்தக் குடுத்துட்டு இன்னொண்ணுலயா பரீட்ச வைப்பாவ? எம் மக வயசுகூட இருக்காது உனக்கு. இவிய ஸ்டீயரிங்கப் புடிக்கையில நீ பொறக்கவே இல்ல. ஒரு கையெழுத்துல எறக்கி விட்டுருவியோ?"

அவள் தளவாயைப் பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடும்.

கடிதத்தை மூன்றாக மடித்தாள்.

அவர் எழுந்து மனைவியின் தோளைத் தொட்டார்.

"சின்னப் பிள்ள. இதுக்கு என்னட்டி தெரியும்." வராந்தாவரை கேட்டிருக்கும். "வா, போவோம்."

போனார்கள். பிச்சம்மாளின் குரல் படிக்கட்டு வரை நின்று நின்று கேட்டது. அவரும் மனைவியோடு சேர்ந்து ஏதோ ஏசிக்கொண்டு போனார்.

அவள் உறையின் மடிப்பில் பசை தடவினாள். ஒட்டினாள். ஓரம் எழும்பியது. கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

எழுத்தர் பையைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"புதுசுல்லா, அப்படித்தான் இருக்கும். இதெல்லாம் மனசுல வச்சுக்கிடாதீங்க, மேடம்."

"இல்ல" என்றாள்.

உறையை அவர் பைக்குள் போட்டாள்.